பாதிப் பொட்டு வைத்த ரீல்

கையெழுத்துப் போட்டால் போலீஸ் வரும். போடாவிட்டால் வேலை போகும். ஸ்ரீவாணியின் முன்னால் கிடந்தது அப்படிப்பட்ட காகிதம். அந்தப் பெண் அதைத் தொடவே இல்லை. பேனா மூடியை மட்டும் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். டிக், டிக், டிக். எனக்கு மண்டை காய்ந்தது.

"அந்தப் பேனாவை என்கிட்ட குடும்மா," என்றேன். "நானே கையெழுத்துப் போட்டுட்டு உள்ள போய்க்கிறேன். அங்கன்னா நேரத்துக்கு நாஷ்டாவாவது கிடைக்கும்."

திலகவதி மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடு என்பதற்கு அவர் வைத்திருக்கும் பார்வை அது. ஒரு நாளில் பத்துத் தடவையாவது வாங்கிவிடுவேன்.

மேடம் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். எரிந்த குடோன், கவிழ்ந்த லாரி என்று பார்த்துப் பார்த்து, எந்தப் பொருள் பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்கப் பழகியவர். இப்போது திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கத்தில் மாடி அறையொன்றில் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறார். நான் சின்னதுரை, சோழவரத்துக்காரன். உதவியாளன் என்று பெயர். கார் ஓட்டுவது, கதவு தட்டுவது, திட்டு வாங்குவது மூன்றும் என் இலாகா.

ஸ்ரீவாணி போன் பண்ணிக் கூப்பிட்டு நாங்கள் வந்து உட்கார்ந்திருந்தது தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையின் விசிட்டர் ரூமில். சோலார் பம்ப்புக்குக் கண்ட்ரோலர் பெட்டி செய்கிற கம்பெனி. வெயில்படும் தகட்டிலிருந்து வரும் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது அந்தப் பெட்டிதான். அதன் சர்க்யூட்டை வடிவமைத்தவள் ஸ்ரீவாணி. ஆயுத பூஜைக்கு முன்னால் செய்த பெட்டிகள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. பூஜைக்குப் பிறகு செய்தவை வயல்காட்டில் ஒவ்வொன்றாகப் புகைந்தன. கடைசியில் ஆர்.கே.பேட்டை பக்கம் கலியன் என்ற விவசாயி சுவிட்சைப் போடப் போனபோது பெட்டி வெடித்துவிட்டது. வலது கை வெந்து திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

கம்பெனிக்கு ஒரு தலை வேண்டியிருந்தது. 'தவறான டயோடைத் தேர்ந்தெடுத்தது நான்தான்' என்று எழுதி, சாயங்காலம் ஊழியர் பஸ் கிளம்புவதற்குள் ஸ்ரீவாணி கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். போட்டால் கலியன் கை வெந்த வழக்கு அவள் பெயரில்தான் போகும்.

"எங்கப்பா கோவில்ல தீர்த்தம் குடுக்கறவர், மேடம்," என்றாள். "போலீஸ் எங்க வாசலுக்கு வந்துட்டா, அப்புறம் அவர் சன்னதிக்குள்ள போகவே மாட்டார். அவருக்கு அதைத் தவிர வேற எதுவும் தெரியாது."

சொல்லும்போது கண் கலங்கவில்லை. கை மட்டும் தலையில் வைத்திருந்த கனகாம்பரத்தைத் தடவிவிட்டு மறுபடி பேனா மூடிக்கு வந்தது. பார்க்கவே எனக்குப் பேஜாராக இருந்தது. எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

அந்த டயோடு என்ன பண்ணும் என்று மேடம் கேட்டார். "எனக்குச் சொல்ல வேணாம். சின்னதுரைக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. அவனுக்குப் புரிஞ்சா ஊருக்கே புரிஞ்ச மாதிரி."

ஸ்ரீவாணி சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்ப மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச். கண் இமைப்பதற்குள் ஆயிரம் தடவை மாறி மாறித் திறந்து மூடுகிற ஜோடி. அவற்றுக்கு உத்தரவு போடுகிற சிப்பின் பெயர் கேட் டிரைவர். கீழ் சுவிட்சுக்கு நேரடியாக சப்ளை உண்டு. மேல் சுவிட்சுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. கீழ் சுவிட்ச் திறந்திருக்கும்போது ஒரு சின்னத் தொட்டியில் கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்துவைத்து, அதைக் குடித்துத்தான் அது வேலை செய்யும். தொட்டிக்குப் போகிற வழியில் ஒற்றை வழிக் கதவு ஒன்று இருக்கிறது. உள்ளே விடும், வெளியே விடாது. அதுதான் பூட்ஸ்ட்ராப் டயோடு.

"அட, ஃபுட் வால்வு," என்றேன்.

அவள் முகத்தில் அன்றைக்கு முதல் வெளிச்சம் வந்தது. "அதேதான் சார்."

கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் மாட்டுவார்களே, அந்த வால்வு. மேலே ஏறிய தண்ணீரைத் திரும்பக் கிணற்றுக்கு விடாது. அது மூடத் தாமதித்தால் ஏறின தண்ணீரெல்லாம் இறங்கிவிடும், பம்ப் வெறும் காற்றைக் குடித்துச் சூடாகும். இங்கேயும் அதே கதை. டயோடு மூடத் தாமதித்தால் தொட்டி காலியாகும். மேல் சுவிட்ச் அரைகுறையாகத் திறந்து, கொதித்து, வெடிக்கும்.

அதனால் ஸ்ரீவாணி டயோடைத் தேர்ந்தெடுத்தபோது, எதிரே மோதும் வோல்டேஜ் முழுவதையும் தாங்குமா, வெயிலில் கசியாமல் இருக்குமா என்று பார்த்ததோடு நிறுத்தவில்லை. மூட வேண்டிய நேரத்தில் சட்டென்று மூடுகிறதா என்று பார்த்திருக்கிறாள். அதற்காகவே வேகமான டயோடு என்று தனி ஜாதி உண்டாம். சாதாரண டயோடும் அதே அளவு, அதே கறுப்பு, அரிசிமணி போலத்தான் இருக்கும். வோல்டேஜெல்லாம் தாங்கும். மூடுவதில் மட்டும் ஆமை.

"அப்போ யாரோ வேகமானதை எடுத்துட்டு ஆமையை வெச்சிருக்காங்க," என்றேன்.

"போர்டு எரிஞ்சா டயோடும் கருகிடறது. ஒண்ணும் தெரியலை. முதல் பெட்டி புகைஞ்ச அன்னிலேர்ந்து என்னை அசெம்பிளி லைனுக்குள்ளேயே விடலை," என்றாள் ஸ்ரீவாணி.

மேடம் கைப்பையிலிருந்து பழைய சர்வேயர் அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அது போன வருஷமே காலாவதியான அட்டை. ஆனால் இன்ஷூரன்ஸ் என்ற வார்த்தையைப் பார்த்தால் எந்தக் கம்பெனியும் கதவைத் திறந்துவிடும்.

புரொடக்‌ஷன் மானேஜர் அன்புசெல்வன் எங்களை முறைத்தபடியே, மேடம் பிடிவாதம் பிடித்ததால் ஸ்ரீவாணியையும் சேர்த்து, உள்ளே கூட்டிப்போனார். இடுப்பில் சாவிக்கொத்து, குரலில் அதட்டல். இந்த ஆள்தான் செய்திருக்கிறான் என்று பார்த்த மாத்திரத்தில் முடிவுகட்டிவிட்டேன். நீலச் செருப்பும் நீளக் கோட்டும் மாட்டிவிட்டார்கள். கண்ணாடியில் என்னைப் பார்த்தால் மெடிக்கல் காலேஜில் பெயிலானவன் மாதிரி இருந்தது.

லைனில் எல்லாப் பொருளிலும் பொட்டு. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து அப்படியே இருந்தன. மெஷினில், ஸ்டூலில், தீயணைப்பு உருளையில், துடைப்பக் கட்டையில்கூட. சைக்கிள் சக்கரம் போன்ற பிளாஸ்டிக் ரீல்களில் சின்னச் சின்னப் பாகங்களைச் சுருட்டி வைத்திருந்தார்கள். அவற்றிலும் ஆளுக்கொரு பொட்டு.

"இதெல்லாம் கோதா வேலை," என்றாள் ஸ்ரீவாணி. "ஒண்ணை விட மாட்டா."

கோதா அந்த லைனின் சூப்பர்வைசர். திருவள்ளூரில் ஸ்ரீவாணியின் தெருதான். ஒரே பஸ், ஒரே சீட், ஒரே டிபன் டப்பா. தலையில் அதே கனகாம்பரம். வந்ததும் வராததுமாக, சாப்பிட்டாயா என்று ஸ்ரீவாணியைக் கேட்டாள். பதில் வருவதற்குள் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே பளபளவென்றிருந்த மேஜையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அன்புசெல்வன் மெஷினில் மாட்டியிருந்த டயோடு ரீலைக் கழற்றிக் காட்டினார். லேபிளில் ஸ்ரீவாணி கேட்ட அதே நம்பர். லேபிளை மெஷினே படிக்கும், தவறாக இருந்தால் ஓடவே ஓடாது என்றார். "மேடம், இந்தம்மா இன்னா கேட்டாங்களோ அதையேதான் போட்டோம். தப்பு இவங்க மண்டையில, எங்க லைன்ல இல்ல."

மேடம் ரீலைக் கையில் வாங்கி, லேபிளின் ஓரத்தை விரலால் ஒரு தடவு தடவினார். கைப்பையிலிருந்து ஒரு வேர்க்கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கடலை உள்ளே போனால் ஏதோ அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம். எனக்குத்தான் என்னவென்று தெரியவில்லை.

"இங்க பெட்டியை எப்படி டெஸ்ட் பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

ஏசி ரூமில், லோடு இல்லாமல், கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்ப்போம் என்றார் அன்புசெல்வன்.

"விவசாயி வயல்ல ஏசி போட்டுக்கினா பம்ப்பு ஓட்றாரு?" என்றேன். இந்தத் தடவை மேடம் முறைக்கவில்லை.

புதிய பெட்டி ஒன்றை வெளியே கொண்டுவந்து, முற்றத்து வெயிலில் தகரத்தின் மேல் வைத்து, தொட்டியோடு இணைத்திருந்த நிஜப் பம்ப்பை ஓட்டச் சொன்னார் மேடம். ஐப்பசி மாசம் என்று பெயர்தான், மழை ஏமாற்றிவிட்டு வெயில் மண்டையைப் பிளந்தது. கொஞ்ச நேரம் எல்லாம் சரியாக ஓடியது. அன்புசெல்வன் ஏளனமாகச் சிரித்தார். பிறகு மோட்டாரின் சத்தம் மாறியது. மேல் சுவிட்ச் பதித்திருந்த அலுமினியத் தகட்டைத் தொட்டுப் பார்க்கும்படி மேடம் அவரிடம் சொன்னார். தொட்டவர் கையை உதறிக்கொண்டு பின்னால் தாவினார்.

"பார்த்தீங்களா? டிசைன்தான் கோளாறு," என்றார் விரலை ஊதியபடி.

ஸ்ரீவாணி தன் மூக்குக்கண்ணாடிப் பெட்டியைத் திறந்தாள். பஞ்சுக்குள் ஒரே ஒரு கறுப்பு அரிசிமணி. முதன்முதலில் தேர்ந்தெடுத்து வாங்கிய சாம்பிள் டயோடு, ராசி என்று வைத்திருந்தாளாம். பெட்டியை அணைத்து ஆறவைத்து, போர்டிலிருந்த டயோடை எடுத்துவிட்டு, இதைப் பற்றவைத்தாள். மற்றதில் கை வைக்கவில்லை. மறுபடி அதே வெயில், அதே பம்ப். போன தடவை சத்தம் மாறிய நேரம் வந்தது, போனது. மோட்டார் ஒரே சுருதியில் பாடிக்கொண்டிருந்தது. நானே தகட்டைத் தொட்டேன். வெதுவெதுப்புதான்.

அந்தப் பெண் அப்போதுதான் அழுதாள். கோதா ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். அன்புசெல்வன் முகம் தொங்கிப்போனது. ஆனால் மனிதர் சுதாரித்துக்கொண்டார். ரீலில் இருப்பது வேகமான டயோடு இல்லை என்றால் சப்ளையர் ஏமாற்றியிருக்கிறான், லேபிள் ஒட்டியது அவன்தானே, எங்கள் கை சுத்தம் என்றார். கோதாவும் ஆமாம் ஆமாம் என்றாள்.

"லேபிள் சப்ளையர் ஒட்டினதுதான்," என்றார் மேடம். "ஆனா இந்த ரீல்ல ஒட்டல."

ரீலை எங்கள் கண்ணுக்கு நேரே பிடித்தார். லேபிளின் ஓரத்தில் குங்குமப் பொட்டு இருந்தது. பாதிப் பொட்டு. லேபிள் முடிகிற கோட்டில் கத்தியால் நறுக்கியது போல் அதுவும் முடிந்தது. அதற்கு அப்பால் பிளாஸ்டிக் பளிச்சென்று இருந்தது.

ஆயுத பூஜை அன்று வைத்த பொட்டு பாதி லேபிளிலும் பாதி ரீலிலும் விழுந்திருக்கிறது. பிறகு யாரோ லேபிளை மட்டும் உரித்து வேறு ரீலில் ஒட்டியிருக்கிறார்கள், மெஷின் ஏமாறுவதற்காக. மீதிப் பாதி ஒரிஜினல் ரீலில் இருக்க வேண்டும். காலி ரீல்களெல்லாம் எங்கே போகும் என்று மேடம் கேட்டார். குப்பைத் தொட்டிக்கு, அது அன்றன்றைக்குக் காலியாகிவிடும் என்றார் அன்புசெல்வன்.

எனக்குக் காலையில் கேட் வாசலில் பார்த்தது பொறிதட்டியது. கோட்டையும் நீலச் செருப்பையும் கழற்றக்கூட இல்லை. ஓடினேன்.

கேட்டுக்கு எதிரே பஸ் நிற்கிற இடத்தில் செல்வி பூ விற்கிறாள். கட்டின சரத்தை அவள் வாழைநாரில் தொங்கவிடுவதில்லை, பந்தாகச் சுருட்டுவதும் இல்லை. பிளாஸ்டிக் ரீலில் சுற்றி வைத்திருக்கிறாள். கம்பெனியின் காலி ரீல். இழுத்தால் முழம் முழமாக வருகிறது. மல்லிக்கு ஒன்று, கனகாம்பரத்துக்கு ஒன்று.

"இன்னா டாக்டரே, யாருக்குப் பூ?" என்றாள் என் கோட்டைப் பார்த்து.

கனகாம்பர ரீலைத் திருப்பினேன். பக்கத் தகட்டில் லேபிள் உரித்த சதுரத் தடம். அந்தத் தடத்தை ஒட்டி ஒரு பாதிப் பொட்டு. அன்புசெல்வன் மாட்டினான் என்று நினைத்துக்கொண்டே, இதைக் கொடுத்தது யார் என்று கேட்டேன்.

"கோதாம்மா," என்றாள் செல்வி.

மானேஜர் இல்லையா என்று இரண்டு தடவை கேட்டேன்.

"அவர் இன்னாத்துக்கு எனக்குக் குடுக்கறாரு? பழைய ரீலு நான்தான் குப்பையிலேர்ந்து பொறுக்கிக்கினு வருவேன். இது ஒண்ணு மட்டும் கோதாம்மா கைப்பையில வெச்சு எத்தாந்துச்சு. பூஜையில வெச்சது செல்வி, குப்பையில போட மனசு வரல, நீ பூ சுத்திக்கோன்னுச்சு. தெனம் ரெண்டு முழம் அதுலேர்ந்துதான் வாங்கும். அதுக்கு ஒண்ணு, அது ஃபிரண்டுக்கு ஒண்ணு."

ரீலை எடுத்துக்கொண்டு திரும்பினேன். வரும்போது ஓடவில்லை. இதைக் கொண்டுபோய்க் கொடுக்காமல் அப்படியே காரில் ஏறிச் சோழவரம் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

விசிட்டர் ரூமில் எல்லாரும் இருந்தார்கள். கையெழுத்துக்கான காகிதம் இன்னும் மேஜையில்தான் கிடந்தது. நான் மேடம் காதில் மட்டும் சொன்னேன். அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. பூ சுற்றியபடியே அந்த ரீலை மேஜையில் வைத்து, பக்கத்தில் லேபிள் ரீலையும் வைத்து, இரண்டு பாதியையும் சேர்த்துக் காட்டினார். முழுப் பொட்டு.

அன்புசெல்வனுக்குப் புரியவில்லை. ஸ்ரீவாணிக்குப் புரிந்துவிட்டது. கை மெதுவாகத் தன் தலைக்குப் போய், கனகாம்பரத்தில் நின்றது. பிறகு கோதாவைப் பார்த்தாள்.

"லாரி நின்னுண்டிருந்தது," என்றாள் கோதா. யாரும் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். "வேகமான டயோடு தீர்ந்துபோச்சு, புது ரீல் துறைமுகத்துலேயே மாட்டிண்டிருந்தது. சார் லைன் நிக்கக் கூடாதுன்னு கத்தினார். ட்யூப்லைட் ஆர்டர் ஒண்ணுக்கு வந்த சாதாரண டயோடு ரீல் கையில இருந்தது. அதே வோல்டேஜ், அதே சைஸ். எல்லாம் ஒண்ணுதானேன்னு நினைச்சேன் வாணி. சத்தியமா வேற ஒண்ணும் நினைக்கலை."

அதுவரைக்கும் எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. தெரியாமல் செய்தது, யாருக்கும் நேரலாம். அடுத்ததைக் கேட்டதும் வந்தது. முதல் பெட்டி புகைந்தபோதே அவளுக்குச் சந்தேகம் தட்டியிருக்கிறது. சொன்னால் வேலை போகும் என்று சும்மா இருந்திருக்கிறாள். கலியன் கை வெந்த அன்றைக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. அப்போதும் சும்மாவே இருந்திருக்கிறாள்.

"தினம் எனக்குப் பூ வாங்கிண்டு வந்தியே கோதா," என்றாள் ஸ்ரீவாணி. "அப்போவாவது சொல்லியிருக்கலாமேடி."

கோதா முகத்தை மூடிக்கொண்டாள். அன்புசெல்வன் கத்துவதற்கு வாயைத் திறந்தார். மேடம் அவர் பக்கம் திரும்பி, லாரியை வாசலில் நிறுத்திவைத்துக்கொண்டு கத்தியது யார் என்று மட்டும் கேட்டார். வாய் மூடிக்கொண்டது.

நான் ஸ்ரீவாணி உடைந்துபோவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சட்டென்று எழுந்தாள். அந்த ரீலிலிருந்து செய்த பெட்டிகள் எந்தெந்த ஊருக்குப் போயின என்று கோதாவைக் கேட்டாள். இன்னும் வெடிக்காதவை ஓடிக்கொண்டிருக்கின்றன, இந்த நிமிஷம் யாரோ ஒருவர் சுவிட்சில் கை வைத்துக்கொண்டிருக்கலாம். கோதா அழுதுகொண்டே ஊர்ப் பெயர்களைச் சொன்னாள். ஸ்ரீவாணி, மேடம், நான், கடைசியில் அன்புசெல்வன்கூட, ஆளுக்கொரு போனாக எடுத்தோம். அண்ணே பம்ப்பை நிறுத்துங்க, பெட்டி பக்கம் போகாதீங்க, பயிருக்கு வேற தண்ணிக்கு ஏற்பாடு பண்றோம். சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிவிட்டது. ஒரு ஊர் பாக்கியில்லாமல் பம்ப்புகள் நின்றன.

கையெழுத்துக் காகிதத்தை மேடமே நான்காகக் கிழித்தார். முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வெளியே வந்தபோது ஊழியர் பஸ் கிளம்ப உறுமிக்கொண்டிருந்தது. கோதா பஸ்ஸில் ஏறவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கலியன் முகத்தைப் பார்த்துத் தன் வாயால் சொல்லிவிட்டு, அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகப்போவதாகச் சொன்னாள். எங்கள் காரில் வரலாம் என்று மேடம் பின்கதவைத் திறந்துவிட்டார்.

ஸ்ரீவாணியை பஸ் டிரைவர் ஹாரன் அடித்துக் கூப்பிட்டார். அவள் அசையவில்லை. பஸ் போய்விட்டது.

"நீ ஊட்டுக்குப் போம்மா," என்றேன். "உன் வேலை முடிஞ்சுது. அப்பா காத்துக்கினு இருப்பாரு."

"அவளுக்கு ஆஸ்பத்திரின்னாலே பயம் சார், தனியாப் போக மாட்டா," என்றாள் ஸ்ரீவாணி. "அவளோட பேசமாட்டேன். எப்போ பேசுவேன்னும் தெரியலை. கூட உக்காந்துண்டு வரேன், அவ்வளவுதான்."

பின்சீட்டில் இருவரும் ஏறினார்கள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம். ஸ்ரீவாணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எதிர்ப்பக்கம் செல்வி, ரீலிலிருந்து நான் கழற்றிக் கொடுத்த சரத்தை வாங்கிக்கொண்டு, யாருக்கும் பூ வேண்டாமா என்று கேட்டாள்.

சொல்வதற்கு என்னிடம் இரண்டு ஜோக் இருந்தது. மேடம் இந்தத் தடவை என்னை முறைக்கவில்லை, கொஞ்சம் வேர்க்கடலையை என் கையில் வைத்தார். நான் வாயை மூடிக்கொண்டு திருவள்ளூர் ரோட்டைப் பார்த்து வண்டியை விட்டேன்.